ஊரில குவாட் பைக் ஓடப் போறவை ஏற முதல் ஒருக்கா வாசியுங்கோ

பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளையளோட இலங்கையில வடக்குப் பக்கம் எங்கட ஊருக்குப் போய், காடு கரம்பைப் பக்கம் கைட் ஒராள் முன்னால போக பின்னால குவாட் பைக்கில, அதுதான் மண் பாதையில ஓடுற நாலு சில்லு வண்டியில சுத்துவம் எண்டு பிளான் போடுறவை முதல்ல ஒண்டை மனசில வையுங்கோ, நாலு சில்லு இருந்தாலும் அதை மோட்டார் சைக்கிள் மாதிரி ஓடேலாது. நாலு சில்லு இருக்குத்தானே விழாது எண்டு எல்லாரும் நம்பித்தான் ஏறுறது, ஆனா பிரண்டுதெண்டால் 200 கிலோவுக்குக் கிட்ட, சிலது அதுக்கும் மேல பாரமான சாமான் அப்பிடியே ஆளுக்கு மேல வந்து கிடக்கும்.

எங்கட அக்காட மகன் 19 வயசு, மோட்டார் சைக்கிள் நல்லா ஓடுவான். ஒரு மணல் வளைவில பைக் கொஞ்சம் சரியிற மாதிரி இருக்க, பழக்கத்தில இடக்காலை நிலத்தில ஊண்டிட்டான், அடுத்த செக்கன் பின் சில்லு குதிக்காலில ஏறி ஆளை இழுத்துப்போட்டுது. கணுக்கால் மூடின சப்பாத்து போட்டிருந்தபடியால் எலும்பு தப்பினது, ரெண்டு கிழமை நொண்டினவன். அதால சொல்லுறன், என்ன நடந்தாலும் கால் ரெண்டும் மிதிபலகையில இருக்கோணும்.

மற்றது அக்சிலரேட்டர். கைபிடியைத் திருகிறது இல்லை, வலக்கைப் பெருவிரலால அமத்திற ஒரு சின்ன நெம்பு. பயந்தால் மனுசர் கையை இறுக்கித்தானே பிடிக்கிறது, அப்ப விரலும் சேர்ந்து அமத்தும், பைக் பாயும். பதறினால் பெருவிரலை எடு எண்டதை வெளிக்கிட முதல் வெட்டையில பத்துத்தரம் பழகுங்கோ. கன குவாட்டுகளில பின் சில்லு ரெண்டும் ஒரே அச்சில ஒரே வேகத்தில சுத்திறது, அதுதான் ஹாண்டிலைத் திருப்பினாலும் நேரா போகப் பாக்கும், வேகத்தைக் குறைச்சு உடம்பை வளைவின்ர உள்பக்கம் சரிச்சால்தான் திரும்பும். ஏத்தத்தில முன்னுக்குக் குனியோணும், இறக்கத்தில பின்னுக்குப் போய் சின்னக் கியரில விடோணும்.

சின்னப்பிள்ளையை முன்னுக்கு இருத்திக்கொண்டு ஓடிறதை தயவுசெய்து செய்யாதேங்கோ. கனக்க குவாட் ஒராளுக்கெண்டு செய்தது, 16 வயசுக்குக் கீழ உள்ளவைக்குப் பெரியாக்களின்ர சைஸ் பைக் குடுக்கவே கூடாது. பிள்ளை அழுதாலும் பரவாயில்லை.

வாடகைக்கு எடுக்கேக்க ஹெல்மெட் தலையில ஆடாமல் நிக்குதோ, பிரேக் ரெண்டும் பிடிக்குதோ, எஞ்சினை நிப்பாட்டிற சிவப்பு சுவிட்ச் வேலை செய்யுதோ எண்டு நீங்களே பாருங்கோ, ஏற்கனவே இருக்கிற கீறல் நெளிவை போனில வீடியோ எடுத்து வையுங்கோ. பாஸ்போட்டைப் பிணையாக் கேட்டால் கொப்பி குடுங்கோ, ஒரிஜினல் வேண்டாம். பழகிப் பாக்க விடாமல் நேர காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போற கைட்டோட போகாதேங்கோ.

இனி எங்கட மண்ணுக்கெண்டே இருக்கிற விசயம். வன்னிப் பக்கம், முகமாலைப் பக்கம் எண்டால் மிதிவெடி இன்னும் முழுசா எடுத்து முடியேல்ல. மண்டையோடு கீறின சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் அதோட நிண்டு, வந்த தடத்திலயே திரும்புங்கோ, படம் எடுக்கவோ சலம் போகவோ பத்தைக்குள்ள இறங்க வேண்டாம், கைட் போற சில்லுத்தடத்தை விட்டு விலகவும் வேண்டாம். பின்னேரம் யானை வாற இடங்களும் இருக்கு, அதால விடியவே வெளிக்கிட்டு வெயில் ஏற முதல் திரும்பிறதுதான் நல்லது. பனை வடலிக்குள்ளால போறதெண்டால் நீளக் காற்சட்டை கட்டாயம், கருக்கு மட்டை முழங்காலை வாள் மாதிரி அறுக்கும். வயல் வரம்பில ஏத்தாதேங்கோ, மழையோட ஒரு குடும்பம் மண்வெட்டியோட நிண்டு கட்டின வரம்பு அது, ஒருக்கா சில்லு ஏறினால் தண்ணி நிக்காது.

ஜூலை ஆகஸ்டில சோளகக் காத்து அடிக்கும், முன்னால போறவரின்ர புழுதி முழுக்க உங்கட கண்ணுக்குள்ளதான், கண்ணாடியும் மூக்கு மூட ஒரு துணியும் வேணும். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி மட்டும் மாரி, வெள்ளம் நிக்கிற இடத்தில ஆழம் தெரியாது, அந்த நேரம் விட்டிடுங்கோ.

இன்சூரன்ஸை பிளேன் ஏற முதலே பாருங்கோ. கன டிராவல் இன்சூரன்ஸில குவாட் பைக் சேராது, இல்லாட்டி மேலதிகமாக் காசு கட்டோணும், ஹெல்மெட் இல்லாமல் ஓடினால் ஒண்டும் தரமாட்டினம், இதை போன் எடுத்துக் கேக்காமல் ஈமெயிலில கேட்டு பதிலை வச்சிருங்கோ. ஆருக்கும் அடிபட்டால் 1990 எண்ட நம்பருக்குப் போன் அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அவுஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்பிறவை சப்பாத்தின்ர அடியில ஒட்டின மண்ணைப் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவச்சு பெட்டியில வையுங்கோ, மண் இருந்தால் எயார்போட்டில கட்டாயம் சொல்லோணும், மறைச்சுப் பிடிபட்டால் குற்றப்பணம்.