செங்குத்துக் கோட்டின் சாய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டல் கழித்தலில் பிசகுவது யாருக்கும் நடக்கும். அதை விட்டுவிடுவோம். ஒரு கோட்டுக்குச் செங்குத்தான, அதாவது அதை 90 பாகையில் வெட்டும், கோட்டின் சாய்வைக் காண்பதில் நான் படித்த காலத்தில் செய்த அதே தப்புகளை இப்போது என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளின் நோட்டில் வாரம் தவறாமல் பார்க்கிறேன். அவற்றைத்தான் எழுதுகிறேன்.

இருக்கிற மைனஸை அப்படியே விட்டுவிடுவது

கோட்டின் சாய்வு -3/2. அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு? "-2/3" என்று பதில் வரும். கேட்டால், "தலைகீழாக்கி மைனஸ் போடணும், மைனஸ்தான் ஏற்கெனவே இருக்கே" என்பார்கள். எத்தனை வருடமானாலும் இதைக் கேட்கும்போது எரிச்சல் வருகிறது. மைனஸ் போட வேண்டும் என்பதல்ல விதி, குறியை மாற்ற வேண்டும் என்பதே. மைனஸ் இருந்தால் பிளஸாகும். விடை 2/3.

பள்ளித் தேர்வு ஒன்றில் (0, 0), (4, 0), (2, 3) என்ற முனைகள் கொண்ட முக்கோணத்துக்குச் செங்கோட்டு மையம் (முனைகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் செங்குத்துகள் சந்திக்கும் புள்ளி) காணச் சொன்னார்கள். ஒரு பக்கத்தின் சாய்வு -3/2, அதற்குச் செங்குத்துக்கு நான் -2/3 என்று போட்டேன். மையம் (2, -4/3) என்று வந்தது. மூன்று கோணங்களும் குறுங்கோணமாக உள்ள முக்கோணத்தில் அது உள்ளேதான் இருக்க வேண்டும். எனக்கோ அடிப்பக்கத்துக்குக் கீழே போய் நின்றது. தப்பு இருப்பது தெரிந்தும், கடைசி வரிகளையே மூன்று முறை சரிபார்த்தேன். முதல் வரியைத் தொடவே இல்லை. அடுத்த கணக்குக்கு நேரமும் போயிற்று. சரியான விடை (2, 4/3).

குறி ஏன் மாறுகிறது? சாய்வு 2/3 என்றால் வலப்பக்கம் 3 நகர்ந்து மேலே 2 ஏறுகிறோம். கட்டத்தாளில் அந்தப் படியை வரைந்து, தாளை இடஞ்சுழியாக 90 பாகை திருப்பிப் பாருங்கள். வலப்பக்கம் போன 3 மேலே போகும். மேலே போன 2 இடப்பக்கம் போகும். 3-ஐ -2-ஆல் வகுத்தால் -3/2. ஒரு கோடு ஏறினால் மற்றது இறங்கியே தீரும். சந்தேகம் வந்தால் இரண்டு சாய்வுகளையும் பெருக்குங்கள்: -1 வர வேண்டும். -3/2-ஐ -2/3-ஆல் பெருக்கினால் 1தான் வரும்.

எக்ஸின் கெழுவைச் சாய்வாக எடுப்பது

3எக்ஸ் + 2ஒய் = 8 என்பதன் சாய்வு 3 அல்ல. ஒய்யைத் தனியே பிரித்தால் -3/2. செங்குத்துக்கு 2/3.

கிடைக்கோடு

சாய்வு 0. இங்கே தலைகீழாக்காதீர்கள், கிடைக்கோட்டுக்குச் செங்குத்தானது நிலைக்கோடு, நிலைக்கோட்டுக்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. எக்ஸ் = 5 போல எழுதினால் போதும்.

பழைய கோட்டின் வெட்டுத்துண்டை எடுத்துக்கொள்வது

வெட்டுத்துண்டு என்பது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். பழையதைப் புதிய கோட்டுக்கு எடுக்கக் கூடாது. கொடுத்த புள்ளியைப் பிரதியிட்டுப் புதிதாகக் கண்டுபிடியுங்கள்.