மோட்டார்ஹோம் கூரையின் சோலார் மின்சாரத்தைப் பவர் ஸ்டேஷனில் சேமிப்பது எப்படி?

ஜூன் மாதத்தில் பிரிட்டனின் முகாம் திடல் ஒன்றில் நிற்கும் மோட்டார்ஹோமில், பேனல் மின்சாரம் பேட்டரிக்குப் போவதை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கண்ட்ரோலரை நண்பகலில் பார்த்தால், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கூரைப் பேனல்களிலிருந்து 10 வாட்கூட வராமல் இருப்பதைப் பல நாள்கள் காணலாம். பேனலில் பழுது எதுவும் இல்லை. விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் மின்சாரம் தரும் லெஷர் பேட்டரி காலையிலேயே நிரம்பிவிட்டதால், கண்ட்ரோலர் 'ஃப்ளோட்' நிலைக்குப் போய், பேனல்களிடம் மின்சாரம் வாங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதன்பின் மாலைவரை அடிக்கும் வெயில் முழுவதும் வீண். அந்த மிச்ச வெயிலைப் பவர் ஸ்டேஷனுக்கு, அதாவது சாக்கெட்டுகளோடு வரும், தூக்கிச் செல்லக்கூடிய பேட்டரிப் பெட்டிக்குத் திருப்பிவிட்டால், மடிக்கணினிக்கும் இரவில் மின்கம்பளிக்கும் தேவையான மின்சாரத்தை லெஷர் பேட்டரியைத் தொடாமலே பெறலாம்.

வாடகை வண்டி வைத்திருப்பவர்களும், உத்தரவாதக் காலம் முடியாத வண்டியின் வயரிங்கில் கை வைக்க விரும்பாதவர்களும், வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டையே பயன்படுத்தலாம். பவர் ஸ்டேஷனுடன் வரும் கார் சார்ஜிங் கேபிளைச் செருகினால் ஏறத்தாழ 8 ஆம்பியர், அதாவது 100 வாட் அளவுக்கு உள்ளே போகும். கண்ட்ரோலர் ஃப்ளோட் நிலைக்கு வந்தபின் செருகுவதும், வெயில் இறங்கும்முன் பிடுங்கிவிடுவதும்தான் இதில் முக்கியம். மறந்துவிட்டால் பவர் ஸ்டேஷன் இரவு முழுவதும் லெஷர் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (ஒருவகை ஈய-அமில) பேட்டரியில் பாதியை, அதாவது சுமார் 600 வாட்-மணியை மட்டுமே எடுப்பது நல்லது என்பதால், ஆறு மணி நேர மறதி போதும், காலையில் பம்பும் ஹீட்டரும் முரண்டு பிடிக்க. இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட்டாக மாற்றி, பவர் ஸ்டேஷனின் வீட்டு பிளக்கைச் செருகும் வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரண்டு முறை மாற்றுவதால் இழப்பு கூடுகிறது. அதோடு, வேகமாக சார்ஜ் ஆகும் பவர் ஸ்டேஷன் 600 வாட் கேட்டால், 12 வோல்ட் பக்கத்தில் 50 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும்.

கூரைப் பேனலிலிருந்து நேரடியாக சார்ஜ் செய்வதே சிறந்த வழி. பவர் ஸ்டேஷனுக்குள், பேனலிலிருந்து அதிக வாட் கிடைக்கும் வோல்ட்டைத் தேடிப் பிடிக்கும் எம்.பி.பி.டி. வகைக் கண்ட்ரோலர் ஏற்கெனவே இருப்பதால் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய வண்டியில் பி.டபிள்யூ.எம். வகைக் கண்ட்ரோலர் இருந்தால், 18 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டிய பேனலை அது பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கும். அதே பேனலைப் பவர் ஸ்டேஷனில் இணைத்தால் முன்பைவிட அதிக வாட் கிடைப்பதைப் பார்த்து வியப்படையலாம்.

வயரைத் தொடும்முன் இரண்டு லேபிள்களைப் படிக்க வேண்டும். பேனலின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எந்தச் சுமையும் இணைக்காதபோது பேனல் தரும் வோல்ட், முதலாவது. பவர் ஸ்டேஷனின் சோலார் உள்ளீட்டு எல்லை இரண்டாவது. முன்னது பின்னதை ஒருபோதும் தாண்டக் கூடாது. ஆம்பியர் கூடினால் பெரும்பாலான பவர் ஸ்டேஷன்கள் தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். வோல்ட் கூடினால் உள்ளீட்டுப் பகுதியே கருகிவிடக்கூடும். இந்த எல்லை மாடலுக்கு மாடல் வேறுபடும்: ஈகோஃப்ளோ ரிவர் 2 என்பது 11 முதல் 30 வோல்ட் வரையும், புளூட்டி ஈபி3ஏ 12 முதல் 28 வோல்ட் வரையும், ஈகோஃப்ளோ டெல்டா 2 என்பது 11 முதல் 60 வோல்ட் வரையும் ஏற்கும்.

கூரையில் பசை போட்டு ஒட்டிய பேனலின் லேபிளைப் படிக்க வழியில்லை என்றால், பேனலிலிருந்து வரும் இரு வயர்களையும் கண்ட்ரோலரிலிருந்து கழற்றி மல்டிமீட்டரால் அளந்துகொள்ளலாம். 36 செல்கள் கொண்ட வழக்கமான 100 வாட் பேனல் 22 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். தாமே வண்டி கட்டிக்கொள்பவர்கள் சிலர் வீட்டுக் கூரைக்கான 400 வாட் பேனலை ஏற்றியிருப்பார்கள்; அது ஒற்றையாகவே 37 வோல்ட் அளவுக்குத் தரும் என்பதால், மேலே சொன்ன முதல் இரண்டு பவர் ஸ்டேஷன்களுக்கும் உதவாது.

100 வாட் பேனல்கள் இரண்டு இருந்து, ஒவ்வொன்றும் 22.5 வோல்ட் தருவதாக வைத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் 45 வோல்ட் வரும். பக்க இணைப்பில் 22.5 வோல்ட்டே நிற்க, ஆம்பியர் இரட்டிப்பாகும். 50 வோல்ட் எல்லை கொண்ட பவர் ஸ்டேஷனுக்கு 45 பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் லேபிளில் உள்ள எண் 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. குளிர் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் வோல்ட் ஏறத்தாழ 0.3 சதவீதம் ஏறும். ஸ்காட்லாந்து மலைப் பகுதியில் மைனஸ் 10 டிகிரியில், வெயில் படும் முதல் நிமிடத்தில், அதே பேனல்கள் 49.7 வோல்ட்டைத் தொட்டுவிடும். எல்லையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் விட்டுக் கணக்கிடுவது என் வழக்கம். மோட்டார்ஹோம் கூரைக்குப் பக்க இணைப்பே பெரும்பாலும் பொருந்தும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கூரை ஜன்னல், டிவி ஆன்டெனா, சாமான் பெட்டி ஆகியவற்றின் நிழல் ஏதாவது ஒரு பேனலில் விழுந்துகொண்டே இருக்கும். பக்க இணைப்பில் நிழல் பட்ட பேனல் மற்றதைத் தன்னோடு சேர்த்துக் கீழே இழுப்பதில்லை.

இனி, பலர் செய்யும் பெரிய தவறு. இரு கிளை அடாப்டர் ஒன்றை வாங்கி, ஒரே பேனலைப் பழைய கண்ட்ரோலருக்கும் பவர் ஸ்டேஷனுக்கும் ஒரே நேரத்தில் இணைத்துவிடுகிறார்கள். எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் ஒவ்வொன்றும் பேனலின் வோல்ட்டைச் சற்று ஏற்றியும் இறக்கியும் எங்கே அதிக வாட் கிடைக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும். இரண்டு சேர்ந்து தேடினால் ஒன்றின் தேடலை மற்றது கலைத்துவிடும். பழையது பி.டபிள்யூ.எம். வகையாக இருந்தால் பேனலை 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். பவர் ஸ்டேஷனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டுமே பேனலைக் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே '1–0–2' வகை மாற்று சுவிட்ச் ஒன்றைப் பொருத்த வேண்டும்: 1 இல் பேனல் பழைய கண்ட்ரோலருக்கும், 2 இல் பவர் ஸ்டேஷனுக்கும் போகும்; 0 இல் எதற்கும் போகாது. அது டி.சி. மின்சாரத்துக்கு உரியது என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும், ஏ.சி. சுவிட்சில் டி.சி.யைத் துண்டித்தால் முனைகளுக்கிடையே எழும் தீப்பொறி எளிதில் அணையாது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்தே மாற்றும் இரு துருவ சுவிட்சாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் சில கண்ட்ரோலர்களில் நெகட்டிவுக்குப் பதிலாகப் பாசிட்டிவ் பொதுவாக இணைந்திருப்பதால், ஒரு வயரை மட்டும் மாற்றினால் மின்சாரம் எதிர்பாராத வழியில் திரும்பக்கூடும். கண்ட்ரோலருக்கும் லெஷர் பேட்டரிக்கும் இடையிலான இணைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கண்ட்ரோலரில் விட்டு வைப்பது அதற்கு ஆகாது.

வயரிங் வேலையை இருட்டியபின் செய்யலாம். பகலில் என்றால் பேனல்மீது தடித்த போர்வை ஒன்றை விரித்துவிட்டுச் செய்யலாம். சுவிட்சிலிருந்து பவர் ஸ்டேஷன் வைக்கும் இடம்வரை 5 மீட்டர் தூரம் என்றால், 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் 10 ஆம்பியர் ஓடும்போது சுமார் 0.4 வோல்ட் இழப்பு ஏற்படும், அது பரவாயில்லை. அதைவிட மெல்லிய வயர் வேண்டாம். பேனல்கள் மூன்றோ அதற்கு மேலோ பக்க இணைப்பில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ் தேவை. வயரின் முனையில் சோலார் பேனல்களுக்கான எம்.சி.4 கனெக்டரும், அதிலிருந்து உங்கள் பவர் ஸ்டேஷனுக்குரிய அடாப்டரும் வரும். ஈகோஃப்ளோவில் அது எக்ஸ்.டி.60 எனப்படும் மஞ்சள் நிறப் பிளக்.

செருகும்முன் அடாப்டரின் கடைசி முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒருமுறை நான் வாங்கிய ஆயத்த நீட்டிப்புக் கேபிளில் சிவப்பு வயரும் கருப்பு வயரும் சரியான நிறத்தில்தான் இருந்தன. மீட்டரோ மைனஸ் 21.3 என்று காட்டியது. கனெக்டருக்குள் இரண்டையும் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். எம்.சி.4 இன் ஆண், பெண் முனைகளை வைத்தும் வயரின் நிறத்தை வைத்தும் துருவத்தை முடிவு செய்யாமல், மீட்டர் சொல்வதை மட்டுமே நம்ப வேண்டும் என்பதை அன்றிலிருந்து கைக்கொள்கிறேன்.

எண் சரியாக இருந்தால் சுவிட்சை 0 நிலையில் வைத்துப் பிளக்கைச் செருகி, பிறகு 2க்குத் திருப்புங்கள். சில நொடிகளில் திரையில் வாட் ஏறத் தொடங்கும். கழற்றும்போதும் முதலில் 0க்குத் திருப்ப வேண்டும். வெயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்.சி.4 கனெக்டரைப் பிரித்தால் பொறி பறக்கும். திரையில் 200 வாட் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கூரையில் படுத்திருக்கும் பேனலுக்கு ஜூன் நண்பகலில் 120 முதல் 150 வாட் வந்தாலே அது நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். வேலை முடிந்ததும் சுவிட்சை 1க்குத் திருப்ப மறக்காதீர்கள். திருட்டு எச்சரிக்கைக் கருவியும் டிராக்கரும் லெஷர் பேட்டரியிலிருந்து ஓடும் வண்டிகளில், இந்த மறதி ஒரு வாரத்தில் பேட்டரியைக் காலி செய்துவிடும். எங்கள் வண்டியில் சாவி மாட்டும் கொக்கிக்கு அருகிலேயே அந்த சுவிட்சைப் பொருத்தியது அதனால்தான்.

குளிர்காலத்தில் கணக்கே வேறு. லண்டனில் ஜூன் நடுவில் நண்பகல் சூரியன் 62 டிகிரி உயரத்தில் நிற்கும். டிசம்பர் நடுவில் 15 டிகிரிதான். படுத்த நிலையில் உள்ள 200 வாட் பேனல்கள் ஜூனில் நாளொன்றுக்குச் சராசரியாக 750 வாட்-மணி தந்தால், டிசம்பரில் 75 தருவதே அரிது. அதை லெஷர் பேட்டரியே விழுங்கிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுவிட்சை 1இலேயே விட்டுவிட்டு, பவர் ஸ்டேஷனை முகாம் திடலின் மின் இணைப்பிலோ, புறப்படும்முன் வீட்டிலோ நிரப்பிக்கொள்ளலாம். பல பவர் ஸ்டேஷன்களுக்குள் இருக்கும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்களைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், அந்த மாதங்களில் பவர் ஸ்டேஷனை வண்டியின் பின்புறச் சாமான் அறையில் வைக்காமல், ஆட்கள் உறங்கும் பகுதிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.