சுலைமானியா பள்ளிவாசல்: குவிமாடங்களையும் அமைப்பையும் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்தான்புல்லின் சுலைமானியா பள்ளிவாசலை ஒட்டோமான் கட்டடக் கலைஞர் மிமார் சினான் 1550-இல் தொடங்கி 1557-இல் கட்டி முடித்தார். அதை வரைபவர்களும் விவரிப்பவர்களும் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: குவிமாடத்தை அழகுக்கு ஏற்றிய கூரையாக நினைத்துவிடுகிறார்கள். இங்கே தரைத்திட்டத்தை முடிவு செய்வதே குவிமாடம்தான்.

அரைக்குவிமாடங்களை நான்கு பக்கமும் வரைவது மிகப் பரவலான தவறு. அது அதே நகரின் ஷெஹ்ஸாதே பள்ளிவாசலிலும், பின்னால் வந்த சுல்தான் அகமது பள்ளிவாசலிலும் உள்ள அமைப்பு. சுலைமானியாவில் இரண்டுதான்: வாசல் பக்கம் ஒன்று, மிஹ்ராப் (தொழும் திசையைக் காட்டும் சுவர் மாடம்) பக்கம் ஒன்று.

மையக் குவிமாடத்தின் விட்டம் சுமார் 26.5 மீட்டர், உச்சி தரையிலிருந்து ஏறத்தாழ 53 மீட்டர். இவ்வளவு பெரிய குவிமாடம் கீழே அழுத்துவதோடு நிற்காது, வெளிப்பக்கமாகவும் தள்ளும். வாசல்–மிஹ்ராப் திசையில் அந்தத் தள்ளலை அரைக்குவிமாடங்கள் வாங்கிக்கொள்கின்றன. மற்ற இரு பக்கங்களில் பெரிய வளைவும், அதற்குள் ஜன்னல்கள் நிறைந்த சுவரும் மட்டுமே தெரியும். குவிமாடத்தைத் தாங்குவது அந்தச் சுவர் என்று எழுதுவது பிழை. பாரம் வளைவு வழியாக நான்கு பெருந்தூண்களுக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் சுவரில் அத்தனை ஜன்னல்களைத் திறக்க முடிந்தது. பக்கவாட்டுத் தள்ளலை வாங்கும் முட்டுச்சுவர்களை சினான் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நீட்டி, இடைவெளியில் மாடங்கள் கட்டி மறைத்திருக்கிறார். கண்ணில் படாததால் வரைபடத்திலும் அவற்றை விட்டுவிடுகிறார்கள். அப்படி வரைந்த கட்டடம் நிஜத்தில் நிற்காது!

பக்கவாட்டில் வரிசைக்கு ஐந்து சிறு குவிமாடங்கள். எல்லாம் ஒரே அளவல்ல. பெரிதும் சிறிதும் மாறிமாறி வரும்.

‘ஹாகியா சோபியாவின் நகல்’ (ஹாகியா சோபியா அதே நகரில் முன்பு தேவாலயமாகக் கட்டப்பட்டது) என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியல்ல. மேலே ஒரு குவிமாடம், இரண்டு அரைக்குவிமாடங்கள் என்ற அளவில் ஒற்றுமை உண்மைதான். உள்ளே போனால் வேறுபாடு தெரியும். ஹாகியா சோபியாவில் தூண்வரிசைகளும் மாடிகளும் பக்கப் பகுதிகளை நடுக்கூடத்திலிருந்து பிரிக்கின்றன. இங்கே பெருந்தூண்களுக்கு இடையில் பக்கத்துக்கு இரண்டே இரண்டு கிரானைட் தூண்கள். நடுவும் பக்கங்களும் ஒரே கூடமாகத் திறந்துகொள்கின்றன. சினானின் சாதனை என்று சொல்ல வேண்டியது இதைத்தான்.

மினாராக்கள் நான்கும் முற்றத்தின் மூலைகளில் நிற்கின்றன, தொழுகைக் கூடத்தின் நான்கு மூலைகளில் அல்ல. கூடத்தை ஒட்டிய இரண்டும் உயரமானவை, மூன்று மூன்று உப்பரிகைகள் கொண்டவை. முற்றத்தின் மறுகோடியில் உள்ளவை குட்டை, இரண்டிரண்டு உப்பரிகைகள். புகைப்படத்தில் தெரியும் உயர வேறுபாட்டைத் தூரத்தால் வந்த மாயை என்று எண்ணிச் சமமாக வரைந்துவிட வேண்டாம்.

கடைசியாகத் திசை. இந்தியாவில் கிப்லா (மக்காவை நோக்கித் தொழும் திசை) மேற்கு என்ற பழக்கத்தில் இங்கும் மிஹ்ராபை மேற்கில் குறிப்பவர்கள் உண்டு. இஸ்தான்புல்லிலிருந்து மக்கா தென்கிழக்கில் இருக்கிறது. எனவே முற்றம் வடமேற்கில், கூடம் அதற்குத் தென்கிழக்கில், கிப்லாச் சுவருக்குப் பின்னால் இதைக் கட்டுவித்த சுல்தான் சுலைமானும் அவர் மனைவி ஹுர்ரமும் அடங்கியுள்ள அடக்கத்தலம்.