முதல் இ.பி.யில் கோட்டை விடும் இடங்கள்

சென்னையில் லேப்டாப்பும் ஹெட்ஃபோனுமாக எலெக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். முதல் இ.பி. (ஒருசில பாட்டுகள் கொண்ட சிறு ஆல்பம்) முடிந்ததும் எனக்கும் லிங்க் வருகிறது. பாட்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சறுக்குவதெல்லாம் வெளியீட்டில். எழுத்துப்பிழை, மங்கலான கவர் படம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை உங்களுக்கே தெரியும்.

தேதி

வியாழன் இரவு அப்லோடு, வெள்ளி ரிலீஸ் என்று ஓடாதீர்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் போடும் எடிட்டர்களுக்குப் பாட்டை அனுப்பும் வசதி ரிலீஸுக்கு முன்னால் மட்டும்தான். குறைந்தது 7 நாள் முன்பே அனுப்பினால்தான், பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலில் நீங்கள் விரும்பும் பாட்டு வரும்.

சினிமாப் பாட்டுச் சாம்பிள்

பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி உங்கள் பாட்டில் ஒட்டுவதுதான் சாம்பிள். அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை.

பெரம்பூர்ப் பையன் ஒருவன் நான்கு பாட்டு இ.பி. போட்டான். இரண்டாவது பாட்டில் எண்பதுகளின் சினிமா ஹம்மிங் ஒன்று, நான்கே நொடி. பிட்ச்சை, அதாவது சுருதியை, கொஞ்சம் இறக்கி, மேலே ரிவெர்ப் என்ற எதிரொலி போட்டிருந்தான். "ஏழு நொடிக்குள்ளே இருந்தா ஒண்ணும் ஆகாதுண்ணா" என்றான். ரீல்ஸில் அந்த ஹம்மிங்தான் ஓடியது. அப்புறம் ஆடியோ நிறுவனத்தின் புகார் வந்தது. பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு விநியோகம் செய்த நிறுவனம் அந்தப் பாட்டை மட்டும் எடுக்கவில்லை, இ.பி.யையே தூக்கிவிட்டது. ஹம்மிங்கை மாற்றிப் புதிதாக ஏற்றியபோது அந்தப் பாட்டின் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

சட்டத்தில் ஏழு நொடிச் சலுகை என்று எதுவும் கிடையாது. பிட்ச்சை மாற்றினால் சில சமயம், அடுத்தவர் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி கண்ணில் படாமல் தப்பலாம். அதனால் உரிமை உங்களுடையது ஆகிவிடாது. ஒரு சினிமாப் பாட்டில் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை. 1957 காப்பிரைட் சட்டப்படி ஒலிப்பதிவு வெளியான பிறகு 60 ஆண்டு. மெட்டுக்கு, போட்டவர் காலமான பிறகு 60 ஆண்டு. எண்பதுகளின் பாட்டுக்கு நீங்கள் காத்திருந்து கட்டுப்படியாகாது.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், வடபழனி, சாலிகிராமம் பக்கம் போனால் பாடவும் வாசிக்கவும் ஆள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் புதிதாக ஒரு ஹம்மிங் வாங்கலாம். சம்பளத்தைக் கொடுத்து, எங்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

ராயல்டி ஃப்ரீ என்று யாருக்கும் கிடைக்கிற நாதஸ்வர லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் துண்டை) அப்படியே பாட்டின் முக்கிய மெட்டாக வைப்பதும் தலைவலிதான். அதே லூப்பை வாங்கிய இன்னொருவரின் பாட்டோடு கன்டென்ட் ஐடியில் மோதலாம்.

சத்தம்

சத்தம் கூட்ட வேண்டும் என்று பாட்டை −6 எல்.யு.எஃப்.எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை நசுக்கினாலும் ஸ்பாட்டிஃபை வழக்கமான செட்டிங்கில் −14-க்கு இறக்கித்தான் போடும். கிக் டிரம்மின் உயிர்தான் போகும்.

நீளமான இன்ட்ரோ

ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் ஒரு ப்ளே. இன்ட்ரோ நீண்டால் அதற்குள் தாண்டிவிடுவார்கள். நீளமான கிளப் வெர்ஷனை, பாட்டை நேராக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வையுங்கள்.

காசு கொடுத்து ப்ளே வாங்குவது

வேண்டாம். போலி ப்ளே பிடிபட்டால் 2024 முதல் ஸ்பாட்டிஃபை விநியோக நிறுவனத்திடம் அபராதம் வாங்குகிறது. அவர்கள் அதை உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

வரவேற்பு

நண்பர்களின் "செம மச்சி" விமர்சனம் ஆகாது. யூடியூப் ஸ்டுடியோவில் ஆட்கள் எந்த இடத்தில் கழன்றுகொள்கிறார்கள் என்று வரைபடமே இருக்கிறது, அதைப் பாருங்கள். பெரும்பாலும் டிராப்புக்கு (பீட் முழு வேகத்தில் வெடிக்கும் இடத்துக்கு) முன்னாலேயே போயிருப்பார்கள்.