மிஞ்சிய பச்சை மிளகாயில் மோர் மிளகாய் போடுவது எப்படி?

மாடியில் நாலைந்து மிளகாய்ச் செடி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பூ கொட்டுகிறதே என்று கவலைப்பட்ட செடி, திடீரென்று கூடை கூடையாகக் காய்க்கும். பக்கத்து வீடு, எதிர் வீடு என்று கொடுத்த பிறகும் மிஞ்சும். வெயில் தாராளமாக இருக்கிற ஊரில் அதற்கு மோர் மிளகாயைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி. செலவு குறைவு, கரண்ட் வேண்டாம், சரியாகக் காய்ந்தால் ஒரு வருடம் தாங்கும்.

மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை இதற்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரம்பிக்க வேண்டாம். அப்போது காய்களைக் கழுவித் துடைத்து, காம்பைக் கிள்ளிவிட்டு, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். கொஞ்சம் தொளதொளவென்று ஆகும். சாம்பாருக்கும் அரைப்பதற்கும் அது ஒரு குறையே இல்லை.

1. பிரித்தெடுங்கள்

நன்றாக முற்றிய, தோல் விறைப்பான பச்சைக் காய் மட்டும் மோருக்கு. பழுத்துச் சிவந்ததைத் தனியே காயவைத்து வற்றலாக்கலாம். ஓட்டை விழுந்தது, கொழகொழத்தது எதுவும் வேண்டாம். குட்டையான, சதைப்பற்றுள்ள ரகம் மோரை நன்றாகக் குடிக்கும். காரமும் அளவாக இருக்கும்.

2. கீறுங்கள்

கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போகத் துடையுங்கள். காம்பை எடுக்காதீர்கள், நுனியில் நீளமாக இருந்தால் மட்டும் நறுக்குங்கள். அடிப்பக்கம் ஒரு சிறு கீறல் போதும். முழுக்கப் பிளந்தால் விதையெல்லாம் மோரில் கொட்டிவிடும். நிறைய காய் இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் கை எரிந்தாலும் முதலில் எண்ணெய், பிறகு சோப்பு.

3. ஊறவையுங்கள்

ஒரு கிலோ மிளகாய்க்கு ஒரு லிட்டர் நன்கு புளித்த கெட்டித் தயிர், சுமார் 200 கிராம் கல்லுப்பு. தயிரைக் கடைந்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, உப்பைக் கரையுங்கள். நாக்கில் வைத்தால் கரிக்க வேண்டும். உப்புக்குப் பயந்து குறைத்தால் மிளகாய் கெட்டுப்போகும். விருப்பமிருந்தால் வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை ஸ்பூன் போடலாம்.

பீங்கான் ஜாடி அல்லது கண்ணாடிப் பாட்டில்தான் சரி. அலுமினியம், பித்தளைப் பக்கம் போகாதீர்கள். புளிப்பும் உப்பும் சேர்ந்து பாத்திரத்தை அரிக்கும். காலையும் மாலையும் குலுக்கிவிட்டு, இரண்டு நாள் ஊறட்டும். பளிச்சென்றிருந்த பச்சை மங்கி, பாசி நிறத்துக்கு வந்திருக்கும்.

4. காயவையுங்கள்

மூன்றாம் நாள் காலை, மிளகாயை மட்டும் வடித்தெடுத்து மொட்டை மாடியில் பரப்புங்கள். பாயின்மேல் பழைய வேட்டி விரித்தால் போதும். பிளாஸ்டிக் ஷீட்டில் அடிப்பக்கம் வியர்த்துவிடும். மோர் ஜாடிக்கும் மெல்லிய துணி கட்டி வெயில் காட்டுங்கள். சாயங்காலம் மிளகாயைத் திரும்ப அதே மோரில் போடுங்கள். மறுநாள் காலை மறுபடி மாடி. மோர் முழுக்க வற்றும்வரை, அதாவது நாலைந்து நாள், இப்படியே போகும். அப்புறம் வெறும் வெயில் மட்டும்.

எப்போது போதும்? நிறம் வெளுத்து வைக்கோல் மாதிரி ஆகும். காம்பை வளைத்தால் பட்டென்று ஒடியும். காதருகே ஆட்டினால் விதை கலகலக்கும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள் போடுங்கள்.

நடுவில் மழை வந்தால் பதற்றம் வேண்டாம். மோர் மிச்சமிருந்தால் ஜாடியோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மோர் வற்றிவிட்டதென்றால் ஃபேனுக்கடியில் பரப்புங்கள். ஆனால் பூஞ்சை கண்ணில் பட்டால் அந்தத் தொகுதியைக் கொட்டிவிடுங்கள். சில பூஞ்சைகளின் நச்சு எண்ணெயில் பொரித்தாலும் போகாது.

5. எடுத்து வையுங்கள்

வெயில் சூடு ஆறிய பிறகே பாட்டிலில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே ஆவி கோத்துக்கொள்ளும். ஈரக்கை படக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: பச்சை மிளகாயை அப்படியே எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஈரமுள்ள காய், புளிப்பு கிடையாது, எண்ணெய்க்குள் காற்றும் கிடையாது. பொட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமி வளர இது போதும்.

பொரிப்பது

மிதமான தீயில், கொஞ்சம் எண்ணெயில், கரும்பழுப்பு ஆகும்வரை வறுங்கள். பொன்னிறத்தில் எடுத்தால் உள்ளே மொறுமொறுப்பு வராது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நெடி தூக்கும். தயிர் சாதத்துக்கும் கம்பங்கூழுக்கும் தொட்டுக்கொள்ளலாம். கிள்ளிப் போட்டு உப்புமா தாளித்தாலும் அருமை. அன்றைக்கு உப்புமாவில் உப்பைக் குறைத்துப் போடுங்கள், மிளகாயிலேயே தாராளமாக இருக்கிறது.