எல்லை ஊர்ப் பள்ளிக்கு விக்கிப்பீடியாக் கட்டுரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூற்றாண்டு விழா நெருங்கும் பள்ளிகளில் இப்போது ஒரு வேலை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பந்தல், விழா மலர், நினைவுத் தூண் என்று பட்டியல் போடும்போதே, "விக்கிப்பீடியாவிலும் ஒரு கட்டுரை ஏற்றிவிட வேண்டும்" என்று முன்னாள் மாணவர் சங்கத்தில் யாராவது சொல்லிவிடுகிறார்கள். கணினி தெரிந்த இளைஞர் ஒருவரின் தலையில் அது விழுகிறது. அவர் மலரில் உள்ளதை அப்படியே ஒட்டுகிறார். சில நாளில் நீக்கல் அறிவிப்பு வந்து நிற்கிறது. "நம் பள்ளியை மதிக்கவில்லை" என்று ஊரில் மனக்கசப்பு.

செங்கோட்டை, களியக்காவிளை, திருத்தணி, குப்பம், மூணாறு போன்ற எல்லைப்பக்கத்து ஊர்களில் சிக்கல் இன்னும் கூடுதல். இங்கே பள்ளிக்கூடம் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. மாநிலமும் மாவட்டமும்தான் மாறி மாறி வந்து போயிருக்கின்றன. எனவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை இங்குள்ளவர்கள் சற்றுக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

பள்ளி சொல்வதே பள்ளிக்குச் சான்று என்று நினைப்பது

பெரும்பாலான கட்டுரைகள் விழுவது இங்கேதான். விழா மலர், பள்ளியின் இணையதளம், ஆண்டு விழா அழைப்பிதழ், தலைமையாசிரியரின் ஆண்டறிக்கை எல்லாம் பள்ளி தன்னைப் பற்றித் தானே சொன்னவை. கலைக்களஞ்சியம் கேட்பது வேறு: பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், பள்ளியைப் பற்றி ஓரளவு விரிவாக எங்கே எழுதியிருக்கிறார்? தமிழ் விக்கிப்பீடியா இதைக் குறிப்பிடத்தக்கமை என்கிறது. பள்ளி நல்ல பள்ளியா என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நல்ல ஆசிரியர்கள் நடத்தும் எத்தனையோ பள்ளிகளைப் பற்றி எவரும் எழுதவில்லை. அது பள்ளியின் குறை அல்ல.

"அரசுப் பட்டியலில் எங்கள் பள்ளி இருக்கிறதே" என்பார்கள். இருக்கும். நாட்டில் அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் (தேசியப் பள்ளித் தரவுத்தளத்தில் உள்ள அடையாள எண்) உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33இல் தொடங்கும்; கேரளம் 32, ஆந்திரம் 28. பள்ளி உண்மையிலேயே உள்ளது என்பதற்கு அந்த எண் போதும், கட்டுரைக்குப் போதாது. உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலே போதும், தனிக் கட்டுரைக்குத் தகுதி என்று முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2017இல் நடந்த நீண்ட விவாதத்துக்குப் பிறகு அந்தச் சலுகையும் போய்விட்டது.

விழா மலரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எந்த ஆண்டு புதுக் கட்டடம் திறந்தது, யார் நிலம் கொடுத்தார் என்பது போன்ற, எவரும் மறுக்காத சிறு செய்திகளுக்கு அது உதவும். ஆனால் கட்டுரையின் முதுகெலும்பு வெளியிலிருந்து வர வேண்டும். தென் எல்லையில் இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு தன் கல்வித்துறையைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட்டது. நாகமய்யா 1906இல் வெளியிட்ட திருவிதாங்கூர் அரசுக் கையேடும், வேலுப்பிள்ளை 1940இல் வெளியிட்ட கையேடும் கல்விக்கு இடம் கொடுத்தவை. வட எல்லைக்கு வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு உண்டு. உங்கள் பள்ளியின் பெயர் இவற்றில் ஒரு வரி வந்தாலும், மலரின் இருபது பக்கப் புகழுரையை விட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

ஆண்டும் ஆட்சியும்

கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பக்கத்திலும் பழைய பள்ளிக் கல்வெட்டைப் படிப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது, அதிலுள்ள ஆண்டு எந்த ஆண்டு என்பதை. திருவிதாங்கூரில் ஆவணங்கள் கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டில், எழுதப்பட்டன. அதைக் கிறித்து ஆண்டாக எண்ணி, "1099ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பள்ளி" என்று எழுதினால் சோழர் காலத்துப் பள்ளியாகிவிடும். அந்த அளவுக்கு யாரும் போகமாட்டார்கள் என்று வையுங்கள். வழக்கமாக நடப்பது வேறு: கண்ணை மூடிக்கொண்டு 825ஐக் கூட்டிவிடுவது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. 1099 என்பது 1923 ஆகஸ்ட் நடுவில் தொடங்கி 1924 ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. கல்வெட்டில் மாதம் இருந்தால்தான் 1923ஆ, 1924ஆ என்று சொல்ல முடியும். மாதம் இல்லையென்றால் "1923-24" என்று எழுதுவதே நேர்மை. மூணாறுப் பக்கம் இன்னொரு பொறி: "99 வெள்ளத்துக்கு முன்பே இருந்த பள்ளி" என்று பெரியவர்கள் சொல்வது கொல்லம் 1099இல், அதாவது 1924 ஜூலையில், வந்த வெள்ளத்தை. அதை 1999 என்று பதிந்துவிட்டால் பள்ளியின் வயதில் முக்கால் நூற்றாண்டு போய்விடும்.

அடுத்தது ஆட்சி. "1920இல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது" என்ற வாக்கியத்தில் இரண்டு பிழை. அப்போது தமிழ்நாடு என்ற மாநிலமும் இல்லை, அந்த மாவட்டமும் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையும் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தன. செங்கோட்டை அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்து, 2019இல் தென்காசி மாவட்டத்துக்குப் போனது.

திருத்தணி இதைவிடச் சுற்றியிருக்கிறது. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டம், அவ்வாண்டு உருவான சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலம், 1956இல் ஆந்திரப் பிரதேசம், ஆந்திர-சென்னை எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1இல் மீண்டும் சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம், 1997இல் திருவள்ளூர். ஆக, 1955இல் அங்கே ஒரு பள்ளி தரம் உயர்ந்திருந்தால் அந்த ஆணை ஆந்திர அரசினுடையது. சென்னையில் தேடிவிட்டு "ஆவணம் இல்லை" என்று எழுதுவது தேடலின் குறை. ஆந்திரப் பக்கத்துச் சத்தியவேட்டுப் பள்ளியைச் சித்தூர் மாவட்டம் என்று இன்றும் எழுதுகிறவர்கள் உண்டு. 2022 ஏப்ரலில் அது திருப்பதி மாவட்டமாகிவிட்டது.

கட்டுரையின் தகவற்பெட்டியில் (ஓரத்தில் வரும் சுருக்கக் குறிப்பில்) இன்றைய மாநிலம், மாவட்டம். வரலாற்றுப் பகுதியில் அந்தந்தக் காலத்து ஆட்சி. இந்தப் பழக்கம் இருந்தால் பாதிச் சண்டை வராது. எல்லைப் போராட்டத்தின் நியாய அநியாயங்களைப் பள்ளிக் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டாம். அதற்குத் தனிக் கட்டுரைகள் இருக்கின்றன.

பயிற்றுமொழியிலும் இதே கவனம் வேண்டும். இன்று தமிழ்வழிப் பள்ளி என்பதால் தொடக்கம் முதலே அப்படித்தான் என்று எழுதிவிடக் கூடாது. அன்றைய திருவிதாங்கூரின் தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையே பள்ளியில் படித்தது மலையாளம்.

ஒரு மாநிலத்துச் சொல்லை இன்னொன்றுக்குப் போடுவது

மலையாள, தெலுங்குக் கட்டுரைகளைக் கருவியில் போட்டு மொழிபெயர்த்து ஏற்றுபவர்கள் இதில் தடுக்கி விழுகிறார்கள். கேரளத்தில் எல்.பி. (லோயர் பிரைமரி) பள்ளி என்றால் நான்காம் வகுப்பு வரை. தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பு வரை. கேரளத்து யு.பி. (அப்பர் பிரைமரி) ஏழில் முடிகிறது, நம் நடுநிலைப்பள்ளி எட்டில். ஒன்றை மற்றொன்றாக எழுதினால் இல்லாத வகுப்பு ஒன்று முளைக்கிறது. ஆந்திரத்தில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு மாணவர்கள் பெரும்பாலும் ஜூனியர் கல்லூரிக்குப் போகிறார்கள். குப்பத்து உயர்நிலைப் பள்ளியை "மேல்நிலைப் பள்ளி" ஆக்கும் முன் விசாரியுங்கள். கேரளத்தில் உதவிபெறும் பள்ளிக்கு மேனேஜர் என்று சட்டப்படியே ஒருவர் உண்டு. அவரை "மேலாளர்" என்று எழுதினால் வங்கிக் கிளை நினைவுக்கு வருகிறது. தமிழ் வாசகருக்கு அவர் தாளாளர்.

புகழ்பெற்ற மாணவர்கள்

ஊரில் பிறந்தவர் எல்லாம் நம் பள்ளியில் படித்தவர் ஆகிவிடுவதில்லை. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தார். தொடக்கக் கல்விக்குப் பிறகு திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளி, வாலாஜாபேட்டை, வேலூர் ஊரீசு கல்லூரி என்று போனார். 1900க்குப் பிறகு தொடங்கிய எந்தத் திருத்தணிப் பள்ளியும் அவரைத் தன் மாணவராகச் சொல்ல வழியில்லை. இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் ஆகாது. ஆனாலும் பலர் போடுவதில்லை. மாறாக, பாலக்காட்டு பாசல் மிஷன் பள்ளியில் டி.என். சேஷனும் மெட்ரோ ஸ்ரீதரனும் ஒன்றாகப் படித்தது செய்தித்தாள்களில் பலமுறை வந்த செய்தி. மேற்கோளோடு எழுதலாம், எழுத வேண்டும்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது? ஏற்கெனவே கட்டுரை உள்ளவர், அல்லது கட்டுரைக்குத் தகுதியானவர். அவர் அங்கே படித்தார் என்பதற்கும் சான்று வேண்டும். மலருக்கு நன்கொடை கொடுத்த தொழிலதிபர் இந்த வாசல் வழியாக நுழைய முயல்வார். நன்றி சொல்ல மலரில் இடம் இருக்கிறது.

மாணவர், ஆசிரியர் பெயர்கள்

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. இப்போது படிக்கும் பிள்ளைகளின் பெயர், படம், மதிப்பெண் எதுவும் வேண்டாம். பணியிலுள்ள ஆசிரியர்களின் முழுப் பட்டியலும் கைப்பேசி எண்களும் வேண்டாம். தலைமையாசிரியர் பெயர் தகவற்பெட்டியில் இருந்தால் போதும். மாற்றலாகிப் போன பிறகும் மூன்று வருடம் அங்கேயே இருக்கும் என்பதால் அதையும் நான் சேர்ப்பதில்லை.

பள்ளியில் நடந்த குற்ற வழக்கு ஒன்று செய்தியில் வந்தால் அன்றே அதை ஏற்றத் துடிப்பவர்கள் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லும் வரை பெயர் எழுதாதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதுவும் போக்சோ சட்டத்தின் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 23ஆம் பிரிவுப்படி குற்றம்; வகுப்பு, தெருப் பெயர்கூட அடையாளம்தான். மறுபக்கம், பல ஆண்டுகள் நாளிதழ்கள் தொடர்ந்து எழுதி, விசாரணையும் முடிந்த நிகழ்வைப் பள்ளி நிர்வாகம் சத்தமில்லாமல் அழிப்பதும் தவறு. அங்கே பணிபுரிபவர் திருத்த விரும்பினால், தாம் யார் என்று சொல்லி, கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென உள்ள பேச்சுப் பக்கத்தில் கேட்கலாம்.

"மாநிலத்தில் முதலிடம்" என்ற வரியைக் கண்டால் ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு தரவரிசையை அரசு அறிவிப்பது 2017இல் நின்றுவிட்டது. "தலைசிறந்த", "கல்விக் கோயில்", "ஒழுக்கத்தின் உறைவிடம்" ஆகியவற்றை வெட்டிவிட்டு, மிஞ்சும் வாக்கியத்தில் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். சேர்க்கை விதி, கட்டணம், பேருந்து வழித்தடம், சீருடை நிறம் எதுவும் கலைக்களஞ்சியத்துக்கு உரியவை அல்ல. படம் வேண்டுமென்றால் நீங்களே ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டடத்தை எடுங்கள். நாளிதழ்ப் படத்தை எடுத்து ஒட்டாதீர்கள்.

கட்டுரைக்குத் தேறாத பள்ளி

தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) அருகில் ஓராசிரியர் பள்ளி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி ஒரே ஒரு நாளிதழ்ச் செய்திதான் கிடைத்தது என்றால் தனிக் கட்டுரைக்குப் பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. ஊர்க் கட்டுரையில் "கல்வி" என்ற தலைப்பின் கீழ் இரண்டு வாக்கியம் மேற்கோளோடு எழுதுங்கள். பள்ளியின் பெயரை அந்த ஊர்க் கட்டுரைக்கு வழிமாற்றாக வைத்துவிட்டால் தேடுகிறவர் அங்கே வந்து சேருவார். பின்னால் ஆய்வாளர் ஒருவர் அந்தத் தோட்டத்துப் பள்ளிகளைப் பற்றி எழுதினால், அதே வழிமாற்றைத் திறந்து கட்டுரையாக வளர்த்துக்கொள்ளலாம். பக்கத்தின் பழைய திருத்த வரலாறு அழியாமல் அதிலேயே இருக்கும்.