வீட்டில் முடி வெட்டுபவருக்கு டிப்ஸ்: நாம் செய்யும் தவறுகள்

ஸ்காபரோவில் நான் முடி வெட்டிக்கொள்ளும் அக்காவின் வீட்டுக்குப் பக்கவாட்டுக் கதவால்தான் போக வேண்டும். படியிறங்கினால் நிலக்கீழ் அறையில் ஒரு சுழல் நாற்காலி, பெரிய கண்ணாடி, தலை கழுவும் தொட்டி. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் தமிழ்ப் பெண்கள் பலர் இப்படி வீட்டிலிருந்தே இந்தத் தொழிலைச் செய்கிறார்கள். வெட்டி முடித்து, கழுத்தில் ஒட்டிய முடியைத் தூரிகையால் தட்டிவிட்டு, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து "சரியா என்று பாருங்கள்" என்பார். அதற்கு அடுத்த அரை நிமிடம்தான் பலருக்குச் சங்கடமானது. சொன்ன காசை மட்டும் கொடுப்பதா, நன்றிக் காசாக டிப்ஸும் மேலே சேர்ப்பதா? சேர்த்தால் அவர் மனம் கோணுமா?

முதல் தவறு, "அவரே முதலாளி, அவருக்கு எதற்கு டிப்ஸ்?" என்று நினைப்பது. சலூன் உரிமையாளருக்கு டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை என்று வட அமெரிக்காவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அது பல நாற்காலிகள் போட்டு, வேலைக்கு ஆட்களை வைத்து, ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் பங்கு பெறும் உரிமையாளரை மனத்தில் வைத்து வந்தது. வீட்டில் இருப்பது ஒரே நாற்காலி. வெட்டுவதும் கூட்டுவதும் துண்டுகளைத் தோய்ப்பதும் அவரே. சாயக் குழாயும் கையுறையும் அவர் காசில் வாங்கியவை. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டில் நடத்தினாலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார்; கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் விதி கடைக்கும் வீட்டுக்கும் ஒன்றே. இவ்வளவும் ஒருவர் தலையில் இருக்கும்போது "முதலாளி" என்ற பெயரைச் சொல்லி அந்தச் சில டொலர்களைப் பிடித்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படியானால் எவ்வளவு? கனடா சலூன்களில் 15 முதல் 20 வீதம் வழக்கம். வீட்டிலும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். 35 டொலர் முடி வெட்டுக்கு 40 கொடுத்து, மீதி வேண்டாம் என்று சொன்னால் ஏறக்குறைய 15 வீதம் ஆகிவிடும், அது போதும். 100 டொலருக்குச் சாயம் பூசினால் 15 அல்லது 20. கடையில் கார்டு இயந்திரம் பெரும்பாலும் வரியையும் சேர்த்த தொகையில் வீதம் போடுகிறது. 60 டொலர் வேலை 13 வீத விற்பனை வரியோடு 67.80 ஆகும், அதில் 20 வீதம் 13.56. வேலையின் விலையில் மட்டும் கணக்கிட்டால் 12. ஆண்டு வருமானம் 30,000 டொலரைத் தாண்டாத சிறு தொழிலுக்கு அந்த வரி வாங்கும் கட்டாயம் இல்லை என்பதால், வீட்டில் பெரும்பாலும் இந்தக் குழப்பமே எழாது.

இரண்டாவது தவறை நானே இரண்டு ஆண்டுகள் செய்தேன். டிப்ஸுக்குப் பதிலாகப் பலகாரம் கொண்டுபோனேன். ஒரு தடவை வடை, ஒரு தடவை கொழுக்கட்டை, தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல். அவர் மகிழ்ந்து வாங்குவார், வெறும் டப்பாவைத் திருப்பித் தராமல் பழம் போட்டுத் தருவார். நான் நிறைவாக வீடு திரும்புவேன். ஒருநாள் என் முறைக்குக் காத்திருந்தபோது மேசையில் அவருடைய கணக்குக் கொப்பி திறந்து கிடந்தது. இடது பக்கம் செலவு: சாயம், ஷாம்பு, மின்கட்டணம், புதிய கத்தரிக்கோல். வலது பக்கம் வரவு, அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் டிப்ஸ், மூன்று, ஐந்து, நான்கு என்று. என் பெயருக்கு நேரே ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. அந்தக் கோடுகள் என்னைச் சுட்டன. பலகாரம் கொடுங்கள், அது அன்பு. ஆனால் மின்கட்டணத்தை வடையால் கட்ட முடியாது.

விலையைப் பேசிக் குறைத்துவிட்டு, குறைத்த காசிலேயே டிப்ஸ் கொடுப்பது இன்னொரு தவறு. 35ஐ 30 ஆக்கி, பிறகு ஐந்து டொலர் நோட்டைப் பெருந்தன்மையோடு நீட்டினால் அவருக்குக் கிடைத்தது என்ன? விலை உழைப்புக்கு, டிப்ஸ் நன்றிக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது. "பிள்ளைக்கும் முன்முடியைக் கொஞ்சம் கத்தரித்துவிடுங்கள்" என்று கடைசி நேரத்தில் கேட்பதும் இதே வகை. கடையில் கேட்கத் தயங்குவதை, அக்கா என்று கூப்பிடுவதால் வீட்டில் கேட்டுவிடுகிறோம். கேட்டால் அதன் விலையையும் கேளுங்கள்.

கைக்காசாகத் தருகிறேன், ஐந்து டொலர் குறையுங்கள் என்று பேரம் பேசாதீர்கள். கைக்காசாக வாங்கினாலும் அது வருமானம்தான், கனடாவில் டிப்ஸும் அப்படியே. வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. உங்கள் ஐந்து டொலருக்காக அவரைச் சிக்கலில் இழுத்துவிட வேண்டாம்.

இப்போது பலர் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் இன்டராக் சேவை வழியாகக் கைப்பேசியிலிருந்தே காசு அனுப்புகிறார்கள். அதில் ஒரு சிறு கவனம் வேண்டும். 35க்கு 42 அனுப்பிக் குறிப்பு எதுவும் எழுதாவிட்டால், தவறாக அனுப்பிவிட்டார்களோ, அடுத்த தடவை கழிப்பதா என்று அவர் குழம்புவார். "முடி வெட்டு 35, டிப்ஸ் 7, நன்றி அக்கா" என்று ஒரு வரி போதும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சொல்லாமல் வராமல் போவது. உங்களுக்காக ஒதுக்கிய சனிக்கிழமை ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார்கள். நடந்துபோகும் வழியில் உள்ளே நுழையும் வாடிக்கையாளர் நிலக்கீழ் அறைக்கு இல்லை. அடுத்த தடவை கொடுக்கும் பெரிய டிப்ஸ் அதை ஈடுசெய்யாது. வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். அன்று காலையில்தான் தெரிய வந்தால், அந்த வேலையின் காசைக் கொடுப்பதே நியாயம்.

சிலர் டிப்ஸ் வாங்குவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே விலை வைத்திருப்பதாகச் சொல்வார்கள். ஒருமுறை வற்புறுத்திப் பாருங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். கண்ணாடிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு ஓடுவதும், அவருடைய பிள்ளையின் கையில் திணிப்பதும் அவர் சொன்ன சொல்லை மதிக்காத செயல். அவர்களுக்குப் பயன்படுவது வேறு ஒன்று: உங்கள் தோழி ஒருவரை அனுப்பி வையுங்கள்.

ஆண்டு முழுதும் ஒருவரிடமே போகிறவர்கள், ஒரு தடவைக்கான கட்டணத்தை அப்படியே உறையில் போட்டு ஆண்டு இறுதியில் கொடுப்பது இங்குள்ள வழக்கம். வசதியில்லை என்றால் பாதி கொடுங்கள், இரண்டு வரி நன்றி எழுதிய அட்டை கொடுங்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த நாற்காலி ஓய்வதே இல்லை. உறையை வாங்கி வைக்கக்கூட அக்காவின் கை ஈரம் காயாது.